பத்திரத்தில் வராத பாகம்

ஸ்டான்லியில் எனக்கு முன்னால் அறுபத்திரண்டு பேர்.
ஐஸ் கம்பெனிக் கணக்கு நோட்டை மடியில் விரித்து
காலை ஆறரையிலிருந்து கூட்டிக்கொண்டிருந்தேன்.
என் முறை வந்தபோதும் கூட்டல் முடியவில்லை.

டாக்டரம்மா சின்னப் பெண்.
ரிப்போர்ட்டில் ஒரு எண்ணைச் சுற்றி வட்டம் போட்டாள்.
நூற்று அறுபத்தெட்டு.
ஐம்பதுக்குள் இருக்கணுமாம்.
லிப்போப்ரோட்டீன், பக்கத்தில் ஒரு சின்ன ஏ.
கொழுப்புதான், வால் முளைத்த கொழுப்பு என்றாள்.

"எண்ணெயைக் குறைச்சிடறேன்."
"குறைங்க. இது அதுக்கு அசையாது."
"நடக்கறேன்."
"நடங்க. இதயத்துக்கு நல்லது. இந்த நம்பர் அப்படியேதான் இருக்கும்."
வஞ்சிரத்தைக்கூட வறுக்காமல்
குழம்பில் போட்டே தின்றவள் நான்.
கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

அவள் சொல்லச் சொல்ல
பாக்கிக்காரர்கள் பெயர் எழுதும் பக்கத்தில் எழுதினேன்.

ஸ்டாட்டின். இதைக் குறைக்காது,
சிலருக்குத் துளி ஏற்றும்கூட. ஆனாலும் தினமும் போடணும்,
கூட்டாளிக் கொழுப்பை அடக்கிவைக்க.
"ரெண்டு ரவுடில ஒருத்தனையாவது உள்ள வைப்போம்மா."
ராயபுரத்துக்காரிக்குப் புரியும் என்று நினைத்திருப்பாள்.
புரிந்தது.

நியாசின். எண் இறங்கும்,
மாரடைப்பு குறைந்ததாகக் காணோம். விடு.

பதினைந்து நாளுக்கொரு ஊசி. கால்வாசி இறங்கலாம்.
விலை கேட்டேன். சொன்னாள்.
எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன்.

ரத்தத்தை வெளியே எடுத்து, வடிகட்டி,
திரும்ப உள்ளே விடும் மெஷின்.
ரொம்ப மோசமானவர்களுக்கு, அதுவும் எல்லா ஊரிலும் கிடையாது.

அப்புறம், சோதனையில் இருக்கிற புது ஊசிகள்.
ஈரலுக்குள் போய் உத்தரவையே மடக்கிவிடுமாம்.
எண் சரசரவென்று விழுகிறதாம்.
ஆள் பிழைப்பாரா என்பதைத்தான் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறார்களாம்.
"வரட்டும். அதுவரைக்கும் பிரஷர், சுகர்
எதையும் ஏறவிடாதீங்க."

பேனாவை மூடிவிட்டுக் கேட்டாள்:
"இது பரம்பரையா வர்றது. கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?"

இருக்கிறான். ததேயு.
எட்டு வருஷமாகப் பேச்சில்லை.
பனைமரத்தொட்டிச் சந்தில் அப்பா வீடு,
முந்நூற்றிருபது சதுரடி.
வக்கீலுக்குக் கொடுத்ததில் இன்னொரு மாடி எழுப்பியிருக்கலாம்.
பதிவு ஆபீஸில் கட்டைவிரல் மை காய்வதற்குள்
ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டோம்.
மோட்டார் எனக்கு, வாசற்படி அவனுக்கு.
அப்பாவின் செத்த வயசு யாருக்கு என்று
அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

நாற்பத்தொன்பதில், காசிமேட்டில்,
படகில் கால் வைத்தவர் அப்படியே சரிந்தார்.
கண்ணு பட்டிச்சி என்றார்கள்.
சித்தப்பா ஐம்பத்திரண்டில்,
கல்மண்டபம் பஸ் ஸ்டாப்பில், சில்லறை எண்ணிக்கொண்டே.
குடி என்றார்கள். அவர் குடித்ததில்லை.
ததேயுவுக்கு இந்தப் புரட்டாசியோடு நாற்பத்துமூன்று.

என் போனில் அவன் பெயர் 'கேஸ்'.
மணியக்கார சத்திரத் தெருவில் ஒரு ஜூஸ் கடை நிழல்.
கையில் கரும்புச்சாறு, குடிக்கலாமா என்று கேட்க மறந்திருந்தேன்.
ஐந்தாவது ரிங்கில் எடுத்தான்.

"என்ன, மறுபடியும் மோட்டாரா?"

பின்னால் கேரம் போர்டில் காய் மோதும் சத்தம்.
யாரோ ஃபைன் ஃபைன் என்று கத்துகிறார்கள்.

"இல்லடா. அப்பாவோடது ஒண்ண
பிரிக்காம விட்டுட்டோம்.
எனக்கு வந்திருக்கு.
உனக்கும் இருக்கான்னு பாக்கணும். பாதிக்குப் பாதி."

காய்ச் சத்தம் நின்றது. எழுந்து வெளியே வருகிறான் போல.
செருப்பைத் தேடும் ஓசை.

"எவ்ளோ?"

"நூத்தி அறுபத்தெட்டு."

"லட்சமா?"

லாரி ஒன்று ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு போனது.
போகும்வரை இருவரும் காத்திருந்தோம்.

"நாளைக்கு ஸ்டான்லிக்கு வா, சொல்றேன்.
ஒரு தடவை ரத்தம் குடுத்தாப் போதும்.
வெறும் வயிறு வேணாம்டா.
சாப்ட்டுட்டே வா."